ஓர் இசோல்டே, மூன்று டிரிஸ்டான்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டாய். இங்கே அனைவரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு அதிகம் படிக்கக் கூடாது என்றார்கள். ஆகவே போன மாதம் முழுவதும் ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகப் பாடகி பிர்கிட் நில்சனின் பதிவுகள்தான்.

“அந்த அலறலை எப்படித்தான் கேட்கிறாயோ” என்கிறாய். அலறினால் தொண்டை நாலு வருடம் தாங்குமா? தெற்கு ஸ்வீடனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த இந்த அம்மாள், 1946-இல் ஸ்டாக்ஹோமில் மேடையேறி 1984 வரை பாடினார். அந்த முதல் வாய்ப்பும் வேறொரு பாடகிக்கு உடல்நலம் கெட்டதால் மூன்றே நாள் அவகாசத்தில் வந்ததுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’ ஓபராவில் நாயகி இசோல்டே வேடத்தை மட்டும் இருநூறு முறைக்கு மேல் பாடியிருக்கிறார். பெரிய ஆர்கெஸ்ட்ரா முழங்கும்போது மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். இசோல்டே பாட என்ன வேண்டும் என்று கேட்டால், வசதியான செருப்பு என்பாராம்!

1959 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்ததைக் கேள். நாயகன் டிரிஸ்டான் வேடத்தைப் பாடக்கூடிய மூன்று பாடகர்களுக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை. நிர்வாகி ருடால்ஃப் பிங் திரைக்கு முன்னால் வந்து நின்றதும், நில்சன்தான் வரவில்லையோ என்று அரங்கமே முனகியது. அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, உடம்பு முடியாவிட்டாலும் அந்த மூவருமே அங்கத்துக்கு ஒருவராக டிரிஸ்டான் பாடுவார்கள் என்று அறிவித்தார். அப்படியே நடந்தது. மூன்று பேர் முறைவைத்துப் பாடியதற்கு ஒரே இசோல்டே ஈடுகொடுத்தார்.

யாருக்கும் வளையாத நாக்கு அவருக்கு. புகழ்பெற்ற இசை நடத்துநர் கராயன் மேடையை இருட்டாகவே வைத்திருக்கிறார் என்று, ஒத்திகைக்குச் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நம் வித்வான்களில் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும், சொல்!

ஒலிப்பதிவில் அந்தக் குரல் முழுதாக அடங்கவில்லை என்று நேரில் கேட்டவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் ஸ்டூடியோப் பதிவுகளில் அவ்வளவு திருப்தி இல்லை. 1966-இல் ஜெர்மனியில் பெய்ராய்ட் வாக்னர் விழாவில் கார்ல் பேம் இசை நடத்திய ‘டிரிஸ்டான்’ மேடைப் பதிவைத் தேடிப் பிடி. முதலிலிருந்து கேட்கப் பொறுமை இல்லையென்றால் கடைசிக் காட்சியை மட்டும் கேள். அதற்குள் மூன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தக் குரலில் களைப்பு எங்கே தெரிகிறதென்று பார்த்து எழுது.

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்