மூன்றே ஆல்பம்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

போர்ட்டிஸ்ஹெட் என்ற இங்கிலாந்து இசைக்குழுவைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினால், "மூணே ஆல்பம்தானா அண்ணா? சோம்பேறிகளா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த மூன்றையும் எப்படிச் செய்தார்கள் என்று கேள், அப்புறம் சொல்.

ஜெஃப் பாரோ, பிரிஸ்டல் நகரில் கோச் ஹவுஸ் ஸ்டுடியோவில் எடுபிடிப் பையனாக இருந்தவர். மாசிவ் அட்டாக் என்ற பிரிஸ்டல் குழு தங்கள் முதல் ஆல்பத்தை அங்கே பதிவு செய்த காலம் அது. 1991இல், வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசு உதவிய திட்டம் ஒன்றின் வகுப்பில் பாடகி பெத் கிப்பன்ஸைச் சந்தித்தார். பிறகு ஏட்ரியன் அட்லி கிடாரோடு வந்து சேர்ந்தார். ஜாஸ் வாசித்தவர், பாரோவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பாரோ வளர்ந்த ஊரின் பெயரே குழுவுக்குப் பெயரானது.

1994இல் முதல் ஆல்பம் 'டம்மி' வந்தது, மறு வருடம் பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசு. 'க்ளோரி பாக்ஸ்' பாட்டுக்கு அடியில் ஓடுவது அமெரிக்க சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸின் பழைய இசை. ஆனால் எல்லாமே இரவல் இல்லை. தாங்களே வாசித்துப் பதிவு செய்து, அதை இசைத்தட்டாக அடித்து, தரையில் போட்டு மிதித்துக் கீறலாக்கி, அந்தத் தட்டிலிருந்து மறுபடி எடுத்துச் சேர்த்தார்கள். கேட்கும்போது வரும் அந்தக் கரகரப்பு இப்படி உழைத்துச் சம்பாதித்தது. சோம்பேறி செய்கிற வேலையா இது?

1997இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'வெஸ்டர்ன் ஐஸ்' பாட்டில் யாரோ ஒரு பழைய குழுவின் இசையை எடுத்தாண்டதாக உறையில் நன்றியெல்லாம் போட்டிருக்கும். அப்படி ஒரு குழுவே கிடையாது! அதையும் இவர்களே பண்ணியது. எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.

அதே வருடம் நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் அரங்கில் ஆர்கெஸ்ட்ராவோடு பெரிய கச்சேரி நடத்தினார்கள். அதே பாணியில் இன்னும் நாலு ஆல்பம் போட்டிருந்தால் நன்றாகவே விற்றிருக்கும், ஹிப்-ஹாப் தாளத்தை மெதுவாக்கிச் செய்யும் இந்த ட்ரிப்-ஹாப் இசை அப்போது அவ்வளவு பிரபலம். அவர்களோ 2008 வரை அடுத்த ஆல்பத்தைத் தரவில்லை. வந்த 'தேர்ட்' பழைய ரசிகர்களுக்குச் சரியான அடி. 'மெஷின் கன்' பாட்டில் தாளம் என்று ஒன்று வரும் பார், பெயருக்கேற்ற மாதிரியே சுடும். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் உச்சம். 'டம்மி' ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நாலாவது ஆல்பம் இதுவரை இல்லை. 2022இல் உக்ரைனுக்கு நிதி திரட்ட பிரிஸ்டலில் மேடையேறி, ஐந்து பாட்டோடு இறங்கிவிட்டார்கள். கிப்பன்ஸ் மட்டும் 2014இல் போலந்து ஆர்கெஸ்ட்ராவோடு அந்நாட்டு இசையமைப்பாளர் கோரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியைப் பாடினார், அதுவும் தனக்குத் தெரியாத போலிஷ் மொழியில். 2024இல் சொந்தமாக ஓர் ஆல்பமும் வெளியிட்டார்.

சரி, 'தேர்ட்' ஆல்பத்திலிருந்தே தொடங்கு. முதல் பாட்டு சட்டென்று பாதியில் நின்றுவிடும், ஃபைல் கெட்டுப்போச்சு என்று எனக்கு மெசேஜ் போடாதே. அது அப்படித்தான்.

அன்புடன்,
அண்ணன்