செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இந்த வெயிலில் மொட்டைமாடி வரை ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை நம் வீட்டு மால்ட் சங்கம் 11 முறை கூடியது. டிசம்பர் மாதக் கூட்டத்தை மிக்ஜாம் புயல் கொண்டுபோய்விட்டது. இப்போது உறுப்பினர்கள் 38 பேர். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் அதில் கை வைப்பதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 அமலில் இருக்கும் ஊரில் நாம் வீட்டில் பீர் காய்ச்ச முடியாது. அதனால் பீர் காய்ச்சுபவர்கள் செய்யும் வேலையில் முதல் பாதியோடு நின்றுகொள்கிறோம். மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, பாகாகக் காய்ச்சிப் பாலில் கலந்து குடிக்கிறோம். "எப்ப சார் ஈஸ்ட் போடுவோம்?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார். இந்த ஆண்டும் ஒருவர் கேட்டார். பதிலில் மாற்றமில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: "ஊறல்" என்ற சொல்லை வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று ஜூலைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர் மாநகரப் பேருந்தில் போனில், "ஊறல் போட்டாச்சு, ராத்திரிக்குள்ள இறக்கிடலாம்" என்று உரக்கப் பேச, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஆண்டறிக்கையில், 3 கிலோ பார்லி மால்ட்டில் கிடைக்கக்கூடிய சத்தில் 64 சதவீதம்தான் வடிக்கிறோம் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தேன். அந்தக் கணக்கே தப்பு. நம் ஹைட்ரோமீட்டர் (சாறு தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் கருவி) 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. குறிப்புத்தாளில் "அறை வெப்பநிலையில் பார்க்கவும்" என்று இருந்ததால், நாமும் சாற்றை அறை வெப்பத்துக்கு ஆறவைத்தே பார்த்தோம். நம் அறை 32 டிகிரி! அந்தச் சூட்டில் கருவி ஏறக்குறைய 3 புள்ளி குறைத்துக் காட்டும். 1.041 என்று எழுதியதெல்லாம் உண்மையில் 1.044. திருத்திப் போட்டால் போன ஆண்டே 69 சதவீதம் வந்திருக்கிறது. ஒரு வேலையும் செய்யாமல் 5 சதவீதம் கூடிவிட்டது என்று பொருளாளர் பெருமைப்பட்டார். நான் அதை இந்த ஆண்டுச் சாதனையில் சேர்க்கவில்லை.

மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்பதில்தான் ஆறு மாதம் சண்டை. பாதிப் பேர் இரண்டாம் பாலைக் குறை சொன்னார்கள். (முதலில் வடிப்பது முதல் பால், சக்கையின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி வடிப்பது இரண்டாம் பால், தேங்காய்க்கு உள்ள பெயர்தான்.) 8 லிட்டரை ஒரே தடவையாக ஊற்றாமல் நாலு நாலாகப் பிரித்து, மூன்றாம் பாலும் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. செய்து பார்த்தோம். கூடியது 3 சதவீதம். அதற்குச் செலவானது அரை மணி நேரமும் சிலிண்டர் கேஸும். சக்கை எப்படியும் கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதில் தங்கும் இனிப்பை எத்தனை தடவை அலசினாலும் முழுசாக மீட்க முடியாது. மூன்றாம் பால் யோசனையைக் கைவிட்டோம்.

உண்மையான திருடன் மாவு மில்லில் இருந்தான். ஆகஸ்டில் உடைத்த மால்ட்டில் ஒரு கைப்பிடி எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பி, 100 மணி எண்ணினோம். அதில் 14 மணி உடையவே இல்லை. முழு மணிக்குள் தண்ணீர் போகாது. எத்தனை பால் எடுத்தாலும் அதன் மாவு அதற்குள்ளேயேதான் இருக்கும். அடுத்த முறை மில்காரரிடம், "அண்ணே, இன்னும் கொஞ்சம் நைஸா" என்றோம். அவர் கோதுமை மாவாகவே ஆக்கிக் கொடுத்தார். உமியும் பொடியாகிவிட்டதால், நாம் மால்ட்டை ஊறவைக்கும் ஐஸ் பெட்டியின் அடியில் பசை அடைத்து, குழாயில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. இரவு பத்தரை வரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் மன்னிப்பு. உள்ளே மாவு நொறுங்க வேண்டும், மேலே உமி கிழியாமல் இருக்க வேண்டும். அந்த உமிதான் நமக்கு வடிகட்டி.

வழி காட்டியது புயல். வெள்ளம் வடிந்தபின் பார்த்தால் ஒரு மூட்டை நனைந்து பூசணம் பிடித்திருந்தது, கொட்டிவிட்டோம். பக்கத்து மூட்டை லேசாக ஈரம் கோத்திருந்தது; வாசம் பழுதில்லை. உடனே உடைத்துப் பார்த்தபோது உமி அவல் போலத் தட்டையாகி, கிழியாமல் வந்தது. சாறும் கடகடவென்று இறங்கியது. ஜனவரியிலிருந்து வேண்டுமென்றே செய்கிறோம்: கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி தண்ணீரைத் துணிக்குத் தெளிக்கும் பாட்டிலால் தெளித்து, கையால் புரட்டி, 10 நிமிடம் விட்டு மில்லுக்கு எடுத்துப் போவது. உமி மட்டும் பதப்படும், உள்ளே காய்ந்தே இருக்கும். இப்போது கல்லை நெருக்கி வைத்தாலும் உமி தாங்குகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு மணிகூட முழுசாக நிற்பதில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் 14 லிட்டர் சாறு, 1.051, அதாவது 80 சதவீதம்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுக் கணக்கைப் பார்த்து 9 லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குக் காய்ச்சி ஊற்றி, மால்ட்டோடு கலந்தபின் நிற்க வேண்டிய 66-க்குப் பதில் 68-ல் போய் நின்றோம். நம் ஊரில் மூட்டைக்குள் இருக்கும் மால்ட்டே 32 டிகிரி. 71 போதும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டுச் சாற்றைப் பீங்கான் தட்டில் விட்டு டிங்க்சர் அயோடின் வைக்கிறோம். நீலக் கருப்பானால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது, பெட்டியைத் திறக்கக் கூடாது.

தண்ணீர்: போர்வெல் தண்ணீரில் இரண்டாம் பால் எடுத்தால் துவர்க்கிறது. அதிலுள்ள காரத்தன்மை உமியிலிருந்து துவர்ப்பை இழுத்துவிடுகிறது. நீர் 77 டிகிரியைத் தாண்டினாலும் அதே கதிதான். கேன் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் பாதிப் பாதி கலந்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பிஎச் 5.2-க்கும் 5.5-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறோம். ஒருவர் புளி கரைத்து எடுத்து வந்தார். அவருடைய ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்.

கேழ்வரகு முயற்சி தோல்வி. மொட்டைமாடியில் முளைகட்டி, காக்கையோடு மல்லுக்கட்டிக் காயவைத்து, முழுக்கக் கேழ்வரகு மால்ட்டே போட்டோம். அதற்கு வடிகட்ட உமி கிடையாது. குழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்தால் களி. ஓர் உறுப்பினரின் அம்மா கீழே போய்க் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்ததால் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் பசியோடு திரும்பவில்லை. அடுத்த முறை 3 கிலோவுக்கு 150 கிராம் நெல் உமியைக் கழுவிக் கலப்பதாக உத்தேசம். செங்குன்றம் அரிசி ஆலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு பை வாங்கி வரவும், ரசீது தேவையில்லை.

மளிகைக் கடையில் வாங்கிய பார்லியைக் கொண்டுவந்து "ஏன் சார் முளைக்கலை?" என்று கேட்பவர்களுக்கு: அது தோல் சீவியது, முளைக்காது.

சக்கையை வழக்கம்போல் பால்காரர் எடுத்துப் போகிறார். மாடு விரும்பிச் சாப்பிடுவதாகச் சொல்கிறார். 80 சதவீதம் வந்த பிறகும் அதையேதான் சொல்கிறார்.

அடுத்த கூட்டம் இரண்டாவது ஞாயிறு காலை 7 மணிக்கு. மில் 9 மணிக்குத்தான் திறக்கும், ஆனால் மிளகாய் அரைப்பவர்களுக்கு முன்னால் நம் மூட்டை வரிசையில் நிற்க வேண்டும். போன மாதம் பின்னால் நின்றோம்; காரமான மால்ட் இன்னும் 2 கிலோ என் வீட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்