மாடிப்படியில் ஒரு பெட்டி

அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் குடும்ப நகைச்சுவைத் தொடர் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். 2004-ல் கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து இறங்கியபோது எனக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே குடும்பம் நீங்கள் எழுதிய பரோன் குடும்பம்தான். 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' தொடரில் மாமியார் எதிர் வீட்டிலேயே இருப்பார், கேட்காமல் உள்ளே வருவார், மருமகள் சமையலைக் குறை சொல்வார். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் விமானம் ஏறினோம் என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

இப்போது அதே தொடரை என் மகள் போனில் பார்க்கிறாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. போன வாரம் கேட்டாள்: "ஏம்மா, இதுல எல்லா அம்மாவும் எப்பவும் கடுகடுன்னே இருக்காங்க?" நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடமே கேட்டுவிடலாமென்று எழுதுகிறேன்.

அம்பதுகளில் நீங்கள் எழுதிய அப்பாக்கள் வேறு மாதிரி. 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' என்று தொடருக்கே பெயர் வைத்தீர்கள். 1957-ல் வந்த 'லீவ் இட் டு பீவர்' அப்பா, பையனுக்கு நிதானமாகப் புத்தி சொல்வார்; அம்மா ஜூன் முத்துமாலை போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்வார். அப்புறம் அந்த அப்பா போய், 1989-ல் ஹோமர் சிம்ப்சன், 1996-ல் ரேமண்ட், 2009-ல் 'மாடர்ன் ஃபேமிலி' ஃபில் டன்ஃபி என்று அசட்டு அப்பாக்கள் வந்தார்கள். அப்பாவைப் பீடத்திலிருந்து இறக்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அவர் அசடாக இருக்க இருக்க, வீட்டில் யாராவது ஒருத்தர் நினைவோடு இருக்க வேண்டுமே. அந்த வேலையை அம்மா தலையில் கட்டினீர்கள். சிரிப்பெல்லாம் அவருக்கு, கண்டிப்பெல்லாம் இவளுக்கு.

'மாடர்ன் ஃபேமிலி' முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பையன் லூக் பொம்மைத் துப்பாக்கியால் அக்காவைச் சுட்டுவிடுகிறான். நீ சுட்டால் அப்பா உன்னையும் ஒரு தடவை சுடுவார் என்பது ஏற்கெனவே பேசி வைத்த தண்டனை. ஃபிலுக்கு மனசு வரவில்லை. பேசினபடி செய் என்று விரட்டுவது அம்மா கிளேர். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் காட்சியில் பிள்ளைக்குப் பிடித்தவராக யார் இருப்பார்?

உங்களுக்கு இது தெரியாமலும் இல்லை. ரேமண்டிலேயே 2003-ல் ஒரு பகுதி. ஊருக்குப் போய் வந்த பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. நீ எடுப்பாய் என்று ரேமண்ட், எடுக்கவே மாட்டேன் என்று மனைவி டெப்ரா. அதை எழுதியவருக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. கல்யாணமான யாரும் அந்தப் பெட்டியை மறக்க மாட்டார்கள். இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவர்கள் அடுத்த வாரமே பழைய இடத்துக்குப் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொன்று. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 1992-ல் 'மர்ஃபி பிரவுன்' தொடரின் நாயகி மர்ஃபி கல்யாணம் செய்துகொள்ளாமல் பிள்ளை பெற்றதற்குத் துணை ஜனாதிபதி டான் குவேல் மேடையேறிக் கண்டித்தார். நாடே சண்டை போட்டது. மர்ஃபி வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த எல்டின்! 'ஃபுல் ஹவுஸ்' வீட்டில் மாமாவும் அப்பாவின் நண்பரும். ரேமண்டுக்கு எதிர் வீட்டு அம்மா. மர்ஃபி சண்டைக்கு அடுத்த ஆண்டு, 1993-ல், இந்த நாடு கொண்டுவந்த குடும்ப விடுப்புச் சட்டம் தந்தது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். எனக்குப் பெயின்டர் வாய்க்கவில்லை. ஆறு மாதம் என் அம்மா வந்திருந்தார், அப்புறம் காப்பகம். மாதா மாதம் அந்தக் கட்டணத்தைப் பார்த்தால் வீட்டு வாடகையோ என்று தோன்றும்.

'ரோசான்' தொடரின் அம்மா ரோசான் விதிவிலக்கு, ஒத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளைக் கத்துவாள். ஆனால் அந்த வீட்டில் பெரிய வாயும் அவளுக்குத்தான், நல்ல ஜோக்கும் அவளுக்குத்தான். 'மால்கம் இன் தி மிடில்' லோயிஸும் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள். அவள் ஏன் கத்துகிறாள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தொடரில் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதி என்பது அப்பாவுக்கு நினைவிருக்கட்டும். அம்மா ஒரு நாள் மறக்கட்டும். மறந்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிக்கட்டும், பிள்ளைகளும் கூடச் சிரிக்கட்டும். அதிலும் நகைச்சுவை இருக்கிறது, எழுதிப் பாருங்கள்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் இப்போது ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள். நான் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஓர் அம்மா