அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்

அன்புள்ள முரளி,

நலம்தானே? இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். நம் அந்தோணி அண்ணனை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணனும் அண்ணியும் இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்குக் கிளம்பினார்கள். அங்கே கோயில் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காகக் கட்டிய அன்னை வேளாங்கண்ணி ஆலயம் இருக்கிறதே, அங்கே அண்ணிக்கு நேர்த்திக்கடன். பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் அண்ணனுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், ஏற்ற முடியாது என்றார்கள். முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது, ஆனால் இந்தோனேசியாவுக்கு ஆறு மாதம் வேண்டும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குப் பத்து ஆண்டு கொடுக்க ஆரம்பித்ததே 2021 அக்டோபரில்தான், இவர் எடுத்தது அதற்குச் சில மாதம் முன்னால், அதனால் ஐந்தே ஆண்டு. அண்ணியின் பாஸ்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அவர் தனியாகப் போக மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பேரும் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லைடா.

அன்றிலிருந்து உன் அம்மா நினைப்புதான். தைப்பூசத்துக்கு அவரை அழைத்து வருகிறேன், இங்கே இரண்டு நாள், அப்புறம் மலேசியாவில் பத்துமலை, கிள்ளானில் சித்தி வீடு என்று எழுதியிருந்தாய். சித்திக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்றும் நீதான் சொன்னாய். இந்தப் பயணம் தள்ளிப்போகக் கூடாது. அம்மாவின் பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறது? ஆறு மாதம் சரியாக இருக்கிறது என்று சமாதானம் ஆகாதே, பக்கத்தில் வந்துவிட்டால் இப்போதே புதுப்பித்துவிடு. அங்கே போலீஸ் விசாரணை என்று இழுத்துவிட்டால் நாள் போதாது.

மலேசியாவுக்கு உங்களுக்கு விசா வேண்டாம், இந்தியர்களுக்கு 30 நாள் வரை விலக்கு. சிங்கப்பூர் விசாதான் முக்கியம். கிள்ளானிலிருந்து திரும்பி வந்து இங்கிருந்துதான் திருச்சிக்கு விமானம் என்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள், அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்கு. இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் அப்படித்தான், சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையை ஒவ்வொரு நுழைவுக்கும் தனியாக நிரப்ப வேண்டும், மலேசியாவுக்கு அவர்களுடைய மின்னிலக்க அட்டை வேறு. எல்லாம் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டு அட்டைக்கும் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற இணையத்தளம் எதுவானாலும் உடனே மூடிவிடு. பெயரை இனிஷியலோடு எழுதாதே, பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கிறபடியே எழுது.

பஸ்ஸில் வேண்டாம் என்பது என் கருத்து. சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி, ஒரு கிலோமீட்டர் கடற்பாலம் தாண்டியதும் ஜோகூரில் பெட்டியோடு இறங்கி இன்னொரு வரிசை. அம்மாவின் முழங்கால் தாங்காது. சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையே புது ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டால் ஏறும் இடத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், பயணம் ஐந்தே நிமிடம். ஆனால் 2026 இறுதிக்குத்தான் திட்டம், அம்மாவுக்கு உதவாது. நான் கார் ஏற்பாடு செய்கிறேன், நீ மறுத்து எழுதாதே.

ரயில் என்றதும், மலேசியாவுக்கு ரயிலேறிய நம் பழைய தஞ்சோங் பகார் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் பாஸ்போர்ட் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியா மட்டும் 2011 வரை ஸ்டேஷனை விட்டு நகரவில்லை. சிங்கப்பூரை விட்டு வெளியேறுவதற்கு முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டோம்! மேகலா அந்த மலேசிய அதிகாரியிடம் நாங்கள் இப்போது எந்த நாட்டில் நிற்கிறோம் என்று கேட்டாளே, நீ தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அவள் இப்போது சரவாக்கில் இருக்கும் கூச்சிங் போய்வந்தாள். கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானம்தான், இறங்கினால் மறுபடி பாஸ்போர்ட் சோதனை. சரவாக், சாபா இரண்டுக்கும் தனிக் குடிநுழைவு அதிகாரம், தீபகற்பத்து மலேசியர்களுக்கே அங்கே சோதனை உண்டு. இதையெல்லாம் உன்னோடு உட்கார்ந்து பேச எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா.

சரி, அம்மாவின் பாஸ்போர்ட்டில் தேதி இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து இன்றைக்கே அனுப்பு. உன்னுடையதையும். டிக்கெட்டை அதற்கப்புறம் போடு.

அன்புடன்,
சேகர்