டி.வி.யில் உன்னைக் கேட்டேன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போடாமல் ஆபீஸ் போகாதே.

போன வாரம் டி.வி.யில் நீ வந்தாய். அம்மா நீ இளைத்துப்போனதை மட்டும் பார்த்தாள். நான் பேச்சைக் கேட்டேன். "ரூபாய் இறங்கினால் ஏற்றுமதிக்கு லாபம், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலையே பாருங்கள்" என்றாய். லண்டனில் உட்கார்ந்து நம் ஊர்ப் பேரைச் சொன்னாயே என்று சந்தோஷம்தான். ஆனால் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1991 ஜூலை 1, 3 இரண்டே நாளில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய் டாலர் 26 ரூபாய் பக்கம் போனது. முதலாளி என்னை அனுப்பி லட்டு வாங்கிவரச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் ஜெர்மனிக்காரனிடமிருந்து டெலக்ஸ்: உங்கள் ரூபாய்தான் இறங்கிவிட்டதே, விலையைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் ஆர்டர் அடுத்த டேனரிக்கு. இன்னொரு பக்கம் வெளிநாட்டுச் சாயம், கெமிக்கல் எல்லாம் டாலர் கணக்கு, அதே வேகத்தில் ஏறியது. வரப்போகும் டாலரை இன்ன விலைக்குத் தருகிறோம் என்று பாங்கில் முன்கூட்டியே ஒப்பந்தம் (ஃபார்வர்ட்) போட்டு வைத்த டாலருக்கோ பழைய விலைதான். வருஷக் கடைசியில் கணக்கை முடித்தபோது கையில் நின்றது நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஷெட்டில் தோலைச் சீவித் தேய்த்தவனுக்குக் கூலி ஒரு பைசா ஏறவில்லை, அவன் வாங்கும் சாமான்தான் கைக்கு எட்டாமல் போனது.

நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று நிமிஷத்தில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? இருந்தாலும், 'யாருக்கு லாபம், எத்தனை மாதத்துக்கு' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. திரையில் உன் பேருக்குக் கீழே நீ வேலை பார்க்கும் பாங்கின் பேரும் ஓடியது. அந்த பாங்கும் டாலரை வாங்கி விற்கிறதுதானே? நீ சொந்த அபிப்பிராயம் என்கிறாய், கேட்பவன் அதை பாங்கின் வாக்காக எடுத்துக்கொள்வான். எனக்கே அப்படித்தான் பட்டது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அதில் ஒன்று நம் வட ஆற்காட்டில் தூசி என்ற கிராமம், காஞ்சிபுரம் பக்கம். யாரிடம் எத்தனை காணி, யாருக்கு எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கேட்டார்களாம். ஒரு வெள்ளைக்காரர் ஊர் விட்டு ஊர் வந்து செய்த வேலை இது. உனக்கோ இது சொந்த ஊர், பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கு. பேரணாம்பட்டு போவோம். பழைய சூப்பர்வைசர் இன்னும் இருக்கிறார், அவரிடம் பேசு. சின்ன வயதில் டேனரி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாயே, இந்தத் தடவை அதெல்லாம் நடக்காது, உள்ளே வரவேண்டும். அம்மா முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா