புகார்: குறைந்தபட்சத் தேவைக்குப் பொருந்தும் கணினியில் அப்டேட்டுக்குப் பின் விளையாட்டு திறக்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டைரக்ட்எக்ஸ் 11 நீக்கம், தவறான தேவைப் பட்டியல், சீசன் பாஸ் தொகையைத் திருப்பித் தருதல்

வணக்கம்.

உங்கள் ஆன்லைன் விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை என்று இன்றும் மூன்று வரிதான் இருக்கிறது: இன்டெல் கோர் ஐ3, 4 ஜிபி ராம், இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 4400. அதைப் பார்த்துத்தான் சீசன் பாஸ் (ஒரு சீசனின் கூடுதல் அம்சங்களுக்கான கட்டணம்) வாங்கினேன். கடைசிப் பெரிய அப்டேட் இறங்கியதிலிருந்து விளையாட்டு திறக்கவே இல்லை. டைரக்ட்எக்ஸ் 12 கிராபிக்ஸ் கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வந்து உடனே மூடிக்கொள்கிறது. டைரக்ட்எக்ஸ் என்பது விளையாட்டு கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த விண்டோஸ் தரும் மென்பொருள் இடைமுகம்.

கணினி விவரம்: ஐ3-4005யு லேப்டாப், 4 ஜிபி டிடிஆர்3எல் 1600 ராம் ஒரே ஸ்டிக், 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட், 1366×768 திரை. பழைய பதிப்பு இதே கணினியில் 1280×720, எல்லா செட்டிங்கும் லோ, 30 ஃபிரேம் வரம்பு என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது. கணினியில் எதுவும் மாறவில்லை. மாறியது உங்கள் பக்கம்தான். டைரக்ட்எக்ஸ் 11-ல் திறக்கும் தெரிவை எடுத்துவிட்டீர்கள், தேவைப் பட்டியலை மட்டும் தொடவில்லை.

உங்கள் சேவைப் பிரிவு இரண்டு முறை ஒரே பதிலை அனுப்பியது: கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள், விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். இந்தக் கணினியைப் பொறுத்தவரை முதல் யோசனை நேர் எதிரானது. 4-ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்ததால், 15.40.44.5107 டிரைவரிலிருந்து டைரக்ட்எக்ஸ் 12 ஆதரவை இன்டெல் நிறுத்திவிட்டது. டிரைவர் எவ்வளவு புதியதோ அவ்வளவு உறுதியாக உங்கள் விளையாட்டு திறக்காது. 15.40.42.5063 அல்லது அதற்கு முந்தையதற்குத் திரும்பினால் டைரக்ட்எக்ஸ் 12 கிடைக்கும். ஆனால் அடைக்கப்பட்ட ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆன்லைன் விளையாட்டில் உட்காரச் சொல்வது சரியல்ல. அப்படித் திரும்பினாலும் இந்தச் சிப் தருவது ஃபீச்சர் லெவல் (கிராபிக்ஸ் சிப்பின் திறனைக் குறிக்கும் படிநிலை) 11_1 வரைதான். உங்கள் புதிய பதிப்புக்கு 12_0 வேண்டுமென்றால் எந்த டிரைவரும் உதவாது. 11_1 போதுமா, 12_0 வேண்டுமா என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இரண்டாவது பதிலில், டிஎக்ஸ்டயாக் (விண்டோஸிலேயே இருக்கும் டைரக்ட்எக்ஸ் சோதனைக் கருவி) அறிக்கையில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருக்கிறதே, எனவே கணினி தகுதியானதுதான் என்று எழுதியிருந்தார்கள். அது முதல் பக்கத்தில் விண்டோஸ் 10 தன்னைப் பற்றிச் சொல்லும் வரி. கிராபிக்ஸ் எதுவாக இருந்தாலும் அங்கே 12 என்றே வரும். பார்க்க வேண்டியது டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள ஃபீச்சர் லெவல்ஸ் வரி. தொழில்நுட்ப உதவி தருபவர்களுக்கே இது தெரியாவிட்டால், வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் முழு விளையாட்டையும் மறுபடி மறுபடி டவுன்லோடு செய்துகொண்டிருப்பார்கள்.

பட்டியலின் மற்ற வரிகளும் யாருக்கும் உதவாது. கோர் ஐ3 என்ற பெயர் 2010-லிருந்து இருக்கிறது. எந்த ஐ3? தலைமுறையைச் சொன்னாலும் போதாது. ஐ3-4130, ஐ3-4005யு இரண்டுமே 4-ஆம் தலைமுறை, இரண்டிலும் எச்டி கிராபிக்ஸ் 4400. முதலாவது மேசைக் கணினிக்கான 54 வாட் சிப், 3.4 கிகாஹெர்ட்ஸ். மற்றது 15 வாட் லேப்டாப் சிப், 1.7 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போவும் கிடையாது. வேகம் சரிபாதி. உங்கள் பட்டியலில் இரண்டும் ஒன்றுதான்.

ராம் விஷயம் இதைவிட முக்கியம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே ராமைப் பங்கு போடுகின்றன. டிடிஆர்3எல் 1600 ஒரே ஸ்டிக்காக இருந்தால் வினாடிக்கு 12.8 ஜிபிதான் போய்வரும். இரண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு போவது) ஆனால் 25.6 ஜிபி. அதே சிப், அதே செட்டிங். ஆனால் ஃபிரேம் எண்ணிக்கையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 4 ஜிபியில் விண்டோஸும் பின்னணி நிரல்களும் பாதியை எடுத்துக்கொண்டால், மிச்சத்தில்தான் விளையாட்டும் அதன் டெக்ஸ்சர்களும் இருக்க வேண்டும். இடம் போதாதபோது விண்டோஸ் பேஜ்ஃபைலுக்கு, அதாவது ராமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய கோப்புக்கு, தரவைத் தள்ளுகிறது, அது 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் இருக்கிறது. பழைய பதிப்பில் விளையாட்டின் புதிய பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் திரை ஓரிரு வினாடி உறைந்தது இதனால்தான்.

இதை இன்டர்நெட் கோளாறு என்று உங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது. பிரித்தறிவது எளிது: உறையும் நேரத்தில் பிங் எண் (சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) ஏறாமல் இருந்து, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் நெட் காரணமல்ல. டிஸ்க் அமைதியாக இருந்து பிங் மட்டும் தாவினால் வைஃபையைப் பார்க்கலாம். தொடங்கும்போது நன்றாக ஓடி, 10, 15 நிமிடம் கழித்து மெதுவானால் அது சூடு. விசிறியில் தூசு, காய்ந்த தெர்மல் பேஸ்ட்.

இந்த வகைக் கணினிக்கு உண்மையிலேயே உதவுவதை நீங்களே எழுதி வைக்கலாம். இரண்டாவது ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3எல், 1.35 வோல்ட் என்று பார்த்துப் போட வேண்டும், சாதாரண 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் பல லேப்டாப்கள் ஆன் ஆகாது. அடுத்து ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. இது ஃபிரேமைப் பெரிதாகக் கூட்டாது, ஆனால் உறைவதைக் குறைக்கும். பிறகு ரெசல்யூஷன்: 1366×768-லிருந்து 960×540-க்கு இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய பாதியாகின்றன. விளையாட்டை வேகமாக்குவதாகச் சொல்லும் கேம் பூஸ்டர் நிரல்களை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவையும் ராம் தின்னும்.

நான் கேட்பது இவை. டைரக்ட்எக்ஸ் 11 தெரிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடியாதென்றால் சீசன் பாஸ் தொகையை முழுதாகத் திருப்பித் தாருங்கள், விளையாட்டிற்குள் செலவிடும் காசாக அல்ல. தேவைப் பட்டியலில் பிராசசரின் முழு மாடல் எண், ஃபீச்சர் லெவல், ராம் ஒற்றைச் சேனலா இரட்டையா, எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஃபிரேம் ஆகியவை வர வேண்டும். ஏவிஎக்ஸ் (பிராசசரின் கூடுதல் கணக்கீட்டுக் கட்டளைத் தொகுப்பு) கட்டளைகள் தேவையென்றால் அதையும் எழுதுங்கள். பழைய செலரான், பென்டியம் சிப்கள் பலவற்றில் அது இல்லை. அவற்றிலும் விளையாட்டு திறக்கும்போதே மூடிக்கொள்ளும். ஃபீச்சர் லெவலைச் சோதிக்கும் வேலையை உங்கள் லாஞ்சரே செய்யலாம், பணம் வாங்குவதற்கு முன்பு.

டிஎக்ஸ்டயாக் அறிக்கை, பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், சேவைப் பிரிவின் இரு பதில்கள், கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். டிரைவரை அப்டேட் செய்யச் சொல்லும் பதிலை மூன்றாவது முறையாக அனுப்ப வேண்டாம். ஃபீச்சர் லெவல் பற்றிய கேள்விக்கு உங்கள் தொழில்நுட்பக் குழுவிலிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.

இப்படிக்கு,
சீசன் பாஸ் வாங்கிய வாடிக்கையாளர்