18 வயதோடு நின்றுவிடாத மனநல சிகிச்சை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். 5 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இடையில் அறுபடாமல் மனநல சிகிச்சை தரும் ஒரு புறநோயாளிகள் பிரிவைத் தொடங்குவதற்காக, பெற்றோரும் ஆசிரியர்களும் மருத்துவர்களுமாகச் சேர்ந்து இக்குழுவை அமைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கான பிரிவில் 25 வயதுக்காரருக்கு என்ன வேலை என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகனுக்கு 14 வயதில் திங்கட்கிழமைதோறும் காலையில் வயிற்றுவலி வரும்; எந்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. குழந்தை மனநல மருத்துவரிடம் போன பிறகும் பல மாதங்கள் அவன் வாய் திறக்கவில்லை. மருத்துவரும் வற்புறுத்தாமல் அவனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, குதிரையைக் கையில் எடுத்தவன் அதை எங்கும் வைக்காமல், "ராத்திரி தூக்கமே வர்றதில்ல டாக்டர்" என்றான். சிகிச்சை உண்மையில் அன்றுதான் தொடங்கியது. 18 வயது நிறைந்ததும் விதிப்படி அவனுடைய கோப்பு மூடப்பட்டு, ஒரு பக்கக் கடிதத்தோடு பெரியவர்களுக்கான பிரிவுக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவனை அறியாத ஒருவர், நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லாமல், "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து வந்தவன் அதன்பின் இரண்டு ஆண்டுகள் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய இளைஞர்களைப் பற்றி இங்கிலாந்தில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வு ஒன்றில், அப்படி மாறியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்களே முறையாக ஒப்படைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சிகிச்சை அறுபடும் அந்த வயதில்தான் நோயும் வலுக்கிறது என்பது இதைவிடக் கவலை தருகிறது. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகிறது. 18 என்பது வாக்குரிமைக்குப் பொருத்தமான எல்லையாக இருக்கலாம். மனத்துக்கு அது எல்லையன்று. ஆஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்ட இளையோர் மனநல மையங்கள் 12 முதல் 25 வயது வரை என்று வரம்பு வகுத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம்.

இந்தச் சிகிச்சைக்கு இயந்திரங்கள் அதிகம் தேவையில்லை, ஆட்கள்தான் தேவை. பெரியவர் ஒருவர் தம் துயரத்தைச் சொற்களால் சொல்லிவிடுவார். ஆறு வயதுக் குழந்தை அதைப் பொம்மையைத் தூக்கி எறிந்து சொல்லும். பதின்வயதுப் பிள்ளையின் மனச்சோர்வு அழுகையாக வராமல் ஓயாத எரிச்சலாக வெளிப்படலாம். எனவே முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் பேச வேண்டும், ஆசிரியரிடமும் விசாரிக்க வேண்டும். அதை அவசரமாக முடிக்க இயலாது. மருந்து கொடுத்தாலும் வேலை குறைவதில்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் குழந்தைகளிலும் பதின்வயதினரிலும் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 இல் எச்சரித்தது. 2007 இல் அந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று. தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் அடிக்கடி நேரில் பார்க்க வேண்டும் என்பதே பொருள். மாதம் ஒருமுறை சீட்டு எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டால் இது முடியாது.

ஆகவே திரட்டும் தொகையில் பெரும்பகுதி ஒரு குழந்தை மனநல மருத்துவர், இரண்டு உளவியலாளர்கள், ஒரு சமூகப் பணியாளர், ஒரு பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருக்கான மூன்றாண்டுச் சம்பளத்துக்கே செலவாகும். கட்டடத்துக்குக் கொடுக்கப் பலர் முன்வருவதும், சம்பளம் என்றதும் தயங்குவதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் குதிரையைக் கையில் வைத்திருக்கும் பையனுக்கு எதிரே கட்டடம் உட்கார்ந்திருக்க முடியாது. மிச்சமுள்ள தொகையில், வாடகை இடத்தில் இரண்டு காத்திருப்பு அறைகளை அமைப்போம். 17 வயதுப் பெண்ணைப் பொம்மைகளுக்கு நடுவே உட்கார வைத்தால் அவள் மறுமுறை வரமாட்டாள்.

சிகிச்சை பெறும் பிள்ளைகளின் படங்களை வெளியிட்டு நிதி திரட்டுவதில்லை என்பதும், நன்கொடையாளர்கள் அவர்களை நேரில் பார்க்க வருவதற்கு அனுமதி இல்லை என்பதும் குழுவின் முடிவுகள். கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வரிசையில் முன்னுரிமையும் கிடையாது. மேலே சொன்ன பையனுக்கு இப்போது 22 வயது; அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அந்தப் பத்தியைச் சேர்த்தோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். சதுரங்கத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஒரே தடவையாகக் கொடுப்பதைவிட, சிறு தொகையானாலும் மாதந்தோறும் கொடுப்பது சம்பளச் செலவுக்கு உறுதியாக இருக்கும். இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்க்கும் குழு உறுப்பினரிடம் தொகையைக் கொடுத்து, அப்போதே ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பணம் கொடுக்க இயலாத மனநலத் துறையினர் வாரத்தில் ஒரு மாலை நேரத்தைத் தந்தாலும் அதை நன்கொடையாகவே கணக்கில் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
குழுவினர்